70 ஷெவெல்ல 5.3 எல்எஸ் இறக்கியாச்சு, ஹெடர் எது வாங்கறது?

கேள்வி இதுதான். (ஹெடர்னா இன்ஜின்ல இருந்து புகைய வெளிய கொண்டு போற வளைஞ்ச குழாய் செட்டு. எல்எஸ்னா ஜிஎம்-ஓட புது தலைமுறை வி8 இன்ஜின் குடும்பம், 5.3 எல்எம்7 அதுல ஒண்ணு.) 1970 ஷெவெல் மாலிபு கூபே, பழைய 350 இன்ஜினை எடுத்துட்டு 2004 சில்வராடோ ட்ரக்ல இருந்து கழட்டுன 5.3 எல்எம்7 உக்காந்தாச்சு, கியர்பாக்ஸும் அதே ட்ரக்கோட 4எல்60இ, கார் இருக்கறது கலிஃபோர்னியால, சனி ஞாயிறு ஓட்டத்தான், ட்ராக் பக்கம் போற எண்ணம் இல்ல. லாங் ட்யூபா ஷார்ட்டியா, 1-3/4 இன்ச்சா 1-7/8 இன்ச்சா, ஸ்டெயின்லெஸ்ஸா செராமிக் கோட்டிங்கா, ஆன்லைன்ல கிடைக்கிற சீப் செட்டு போதுமாண்ணா, இதான் தம்பி கேட்டிருக்கறது.

தம்பி, நீ கேட்ட வரிசையே தலைகீழா இருக்கு. நீ முதல்ல குதிரைசக்தி பாக்கற, அப்புறம் மெட்டீரியல், அப்புறம் விலை, கடைசில "மவுன்ட் பிளேட் ஏதோ ஒண்ணு போட்டிருக்கேன்"னு ஒரு வரி. அந்த கடைசி வரிலதான் உன் மொத்த பதிலும் இருக்கு. எல்எஸ் மாத்தற பழைய கார்ல ஹெடர் ஒரு தனி பார்ட் கிடையாது. இன்ஜின் முன்ன பின்ன எங்க உக்காந்திருக்கு, எவ்ளோ உயரத்துல உக்காந்திருக்கு, இன்ஜினுக்கு அடில இருக்கற ஆயில் பேன் எது, ஸ்டீயரிங் ஷாஃப்ட் எப்படி போகுது, கியர்பாக்ஸுக்கு கீழ கிராஸ்மெம்பர், அதாவது ஃப்ரேமோட குறுக்கு கட்டை, எங்க வருது, இது அஞ்சும் முடிவானதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கற இடத்துல எந்த குழாய் நுழையுமோ அதுதான் உன் ஹெடர். குதிரைசக்தி எல்லாம் அதுக்கு அப்புறம் பேசலாம்.

ஏன் இப்படி சொல்றேன்னா, பழைய ஸ்மால் பிளாக் 350-க்கு பிளாக் பக்கவாட்டுல மூணு போல்ட் மவுன்ட், எல்எஸ்-க்கு நாலு போல்ட். அதனால நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் போட்டுத்தான் பழைய ஃப்ரேம் மவுன்ட்ல உக்கார வெக்கறோம். இந்த பிளேட் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி போடறான், ஒருத்தன் இன்ஜினை ஒரு இன்ச் பின்னாடி தள்ளுவான், இன்னொருத்தன் முன்னாடி கொண்டு வருவான், சிலது ஸ்லாட் போட்டு முன்ன பின்ன நகத்தற மாதிரியே வரும். ஹெடர் செய்யறவன் அவன் ஷாப்ல ஒரு ஷெவெல் ஃப்ரேம்ல, ஒரு குறிப்பிட்ட பிளேட்ல இன்ஜினை வெச்சு, அதுக்கு அளவெடுத்து குழாய வளைச்சிருப்பான். உன் இன்ஜின் அதுல இருந்து முக்கால் இன்ச் தள்ளி இருந்தா அதே ஹெடர் உனக்கு ஸ்டீயரிங் பாக்ஸ்ல இடிக்கும், கம்பெனிக்காரனை திட்டி பிரயோஜனம் இல்ல. ஹூக்கர், ஹோலி மாதிரி ஆளுங்க மவுன்ட் பிராக்கெட், ஆயில் பேன், கிராஸ்மெம்பர், ஹெடர் எல்லாத்தையும் ஒரே செட்டா டிசைன் பண்ணி விக்கறதுக்கு காரணம் இதுதான். மொத்தமா வாங்கினா காசு கூட, ஆனா அந்தந்த பாகம் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு ஏற்கனவே ஒருத்தன் பாத்து வெச்சிருக்கான்.

இன்னொரு விஷயம் நிறைய பேர் பாக்க மறந்துடுவாங்க, ஃப்ரேம்ல இருக்கற மவுன்ட் ஸ்டாண்டுலயே ரெண்டு ரகம் உண்டு, குட்டையா அகலமா ஒண்ணு, உயரமா குறுகலா ஒண்ணு. ரப்பர் மவுன்ட்டும் அதுக்கு ஜோடியாத்தான் வரும். அம்பது வருஷத்துக்கு மேல ஆன கார்ல இதுக்கு முன்னாடி எத்தன பேர் கை வெச்சிருப்பாங்கன்னு யாருக்கு தெரியும், அதனால பேர சொல்லி ஆர்டர் பண்ணாம கீழ படுத்து அளந்துட்டு ஆர்டர் பண்ணு.

ஆயில் பேன் நீ சொல்லவே இல்ல. ட்ரக்ல இருந்து வந்த பேன் அப்படியே இருக்கா? இருந்தா அத மாத்தித்தான் ஆகணும், ட்ரக் பேன் ரொம்ப ஆழம், ஷெவெல்ல கிராஸ்மெம்பருக்கு கீழ தொங்கும், முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே காலி. மாத்தறப்ப ஹோலியோட ஸ்வாப் பேன் மாதிரி குட்டையானது போட்டா இன்ஜின் கீழ உக்காரும், சென்டர் லிங்க்குக்கும் (ஸ்டீயரிங்கோட குறுக்கு கம்பி) இடம் கிடைக்கும். பேன் இடிக்குதுன்னு இன்ஜினை தூக்கி வெச்சு சமாளிச்சிருந்தா ஹெடர் குழாயும் அதே அளவு மேல போய் ஃப்ரேமுக்கும் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கும் வேற கோணத்துல வந்து நிக்கும். அதனால பேன் முடிவாகாம ஹெடர் ஆர்டர் போடாத.

இப்ப எது பொருந்தாதுன்னு சொல்லிடறேன், ஏன்னா தேடறப்ப இந்த பேருங்க எல்லாம் சேந்து குழப்பும். பழைய 350-ல இருந்த ஹெடர் எல்எஸ்-ல ஏறவே ஏறாது. பழைய ஸ்மால் பிளாக்ல நடு ரெண்டு எக்ஸாஸ்ட் போர்ட்டும் ஒட்டி ஒட்டி இருக்கும், எல்எஸ்-ல நாலு போர்ட்டும் சம இடைவெளில வரிசையா இருக்கும், போல்ட் பேட்டர்னே வேற. அப்புறம் எல்எஸ்6-னு போட்டு தேடினா ரெண்டு விஷயம் வரும். 1970-ல ஷெவெல்லயே வந்த 454 பிக் பிளாக்குக்கும் எல்எஸ்6-னுதான் பேரு, 450 குதிரைனு விளம்பரம் பண்ணது அதுதான், அப்புறம் 2001 கார்வெட் இசட்06-ல வந்த 5.7 லிட்டரும் எல்எஸ்6. உன் கார் 70 ஷெவெல்ங்கறதால "70 ஷெவெல் எல்எஸ்6 ஹெடர்"னு தேடினா பிக் பிளாக் ஹெடர் வந்து நிக்கும், ஃபோட்டோல பளபளன்னு இருக்குன்னு அமுக்கிடாத. அதே மாதிரி 2014-க்கு அப்புறம் வந்த புது எல்டி இன்ஜினோட ஹெடரும் எல்எஸ்-க்கு பொருந்தாது, போல்ட் பேட்டர்ன் மாத்திட்டான். ஜென்3, ஜென்4 எல்எஸ் குடும்பத்துக்குள்ள மட்டும், 4.8 ஆகட்டும் 5.3 ஆகட்டும் 6.0 ஆகட்டும், ஹெடர் ஃபிளேஞ்ச் (ஹெட்ல போல்ட் பண்ற தட்டு) போல்ட் பேட்டர்ன் ஒண்ணுதான். கார் பக்கத்துல, 64-ல இருந்து 67 வரைக்கும் ஏ-பாடி (ஷெவெல் சேர்ந்த ஜிஎம் கார் வகை) ஃப்ரேம் வேற, 68-ல இருந்து 72 வரைக்கும் வேற, உனக்கு ரெண்டாவது.

சரி, ஹெடரே வேணுமான்னு ஒரு தடவ யோசி. எல்லாரும் கோவப்படுவாங்க, இருந்தாலும் சொல்றேன், வாரக்கடைசி ஓட்டற ஸ்டாக், அதாவது உள்ள எதுவும் மாத்தாத 5.3-க்கு நல்ல காஸ்ட் அயர்ன் மேனிஃபோல்டு (ஹெடருக்கு பதிலா வர்ற வார்ப்பு இரும்பு புகை பாதை) ஒண்ணும் கேவலம் இல்ல. சத்தம் கம்மி, சூடு உள்ளயே நிக்கும், கேஸ்கெட் லீக் கம்மி, ஸ்பார்க் பிளக் மாத்தறதுக்கு கை நிம்மதியா போகும். ஆனா உன் ட்ரக்ல இருந்து வந்த மேனிஃபோல்டை அப்படியே போடலாம்னு நெனைக்காத, அது ட்ரக் ஃப்ரேமுக்கு வளைச்சது, ஷெவெல்ல டிரைவர் பக்கம் ஸ்டீயரிங்கோட சண்டை போடற வாய்ப்பு அதிகம். ஸ்வாப்புக்குன்னே செஞ்ச காஸ்ட் மேனிஃபோல்டு ஹூக்கர்ல கிடைக்குது, சில பேர் 98-லேர்ந்து 2002 வரைக்கும் வந்த கமாரோ மேனிஃபோல்டு, கார்வெட் மேனிஃபோல்டு, 2010-லேர்ந்து 2015 வரைக்கும் வந்த கமாரோ எஸ்எஸ் மேனிஃபோல்டுன்னு ஜங்க்யார்டுல தேடி வாங்கி போடறாங்க. பின்னாடி டர்போ போடற ஐடியா இருந்தா ஹெடருக்கு காசே செலவு பண்ணாத, அதுக்கு காஸ்ட் மேனிஃபோல்டுதான் வசதி.

ஆனா நீ கேட்டது ஹெடர், மனசுல ஆசை வந்தாச்சு, அத தடுக்க முடியாது, வா பாப்போம்.

லாங் ட்யூப், ஷார்ட்டி, நடுல மிட்-லெங்த். லாங் ட்யூப்போட வேலை என்னன்னா, ஒரு சிலிண்டர்ல இருந்து வெளிய வர அழுத்த அலை குழாய் முடிஞ்சு கலெக்டர்ல, அதாவது நாலு குழாயும் ஒண்ணா சேர்ற பெரிய குழாய்ல, விரியற இடத்துல எதிர் அலையா திரும்பி வரும், அது சரியா இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ரெண்டும் திறந்திருக்கற அந்த கொஞ்ச நேரத்துல போர்ட்டுக்கு வந்து சேந்தா மிச்ச புகைய உறிஞ்சி இழுக்கும், புது காத்து உள்ள நல்லா வரும். குழாய் நீளமா இருந்தா அலை திரும்ப லேட் ஆகும், அதனால கீழ் ஆர்பிஎம், நடு ஆர்பிஎம்ல பலன் தெரியும், அதாவது நீ ரோட்டுல நிஜமா ஓட்டற எடத்துல. ஷார்ட்டில குழாய் குட்டை, அலை ரொம்ப சீக்கிரம் திரும்பிடும், ரோட்டு ஆர்பிஎம்ல அந்த உறிஞ்சல் கிடைக்காது, நல்ல காஸ்ட் மேனிஃபோல்டை விட கொஞ்சம் ஃப்ரீயா ஓடும், அவ்ளோதான். மிட்-லெங்த் ரெண்டுக்கும் நடுவுல, ஆனா ஏ-பாடில பொருத்தறதுக்கு பல சமயம் அதுதான் ரொம்ப சுலபம், கலெக்டர் கிராஸ்மெம்பர் வரைக்கும் போகாம முன்னாடியே முடிஞ்சிடும், கீழ தொங்காது.

ஆனா ஒண்ணு, ஸ்டாக் எல்எம்7 கேம்ஷாஃப்ட்ல (வால்வ திறந்து மூடற தண்டு) ரெண்டு வால்வும் சேந்து திறந்திருக்கற நேரம் ரொம்ப கம்மி, ட்ரக் இழுக்கறதுக்கு போட்ட கேம் அது. லாங் ட்யூப் ஹெடர் முழுசா வேலை காட்டறது கேம் மாத்தினதுக்கு அப்புறம்தான். கேம் மாத்தற எண்ணம் அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல இருக்குன்னா லாங் ட்யூப்புக்கு இப்பவே காசு போடு, இல்லன்னா மிட்-லெங்த் போதும்ங்கறது என் கருத்து.

ட்யூப் சைஸ் விஷயத்துல பெருசு வாங்கினா நல்லதுன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு, அத விட்டுடு. குழாய் பெருசானா உள்ள போற புகையோட வேகம் குறையும், வேகம் குறைஞ்சா இழுவை குறையும், லைட்ல இருந்து கிளம்பறப்ப கார் சோம்பேறியா இருக்கும். உன் இன்ஜின் 5328 சிசி, ட்ரக்ல இருந்தப்ப 295 குதிரை. இதுக்கு 1-5/8 இன்ச்சே தாராளம், கேம் போட்டு 400 தாண்டினாலும் 1-3/4 போதும். 1-7/8 எல்லாம் 6.0, 6.2 மாதிரி பெரிய இன்ஜின், நல்ல ஹெட், பெரிய கேம், 500-க்கு மேல போறவனுக்கு. எல்எஸ் ஸ்வாப் ஹெடர் பெரும்பாலும் 1-3/4-லதான் வருது, அதையே எடு, 1-7/8 பக்கம் போகாத. கலெக்டர் 3 இன்ச்சா இருக்கும், அதுக்கு பின்னாடி 2-1/2 இன்ச் டபுள் பைப்புக்கு இறங்கிக்கோ, இந்த இன்ஜினுக்கு அது போதும், 3 இன்ச் பைப் ரெண்டு அந்த காரோட பின் ஆக்ஸிலுக்கு மேல வளைச்சு கொண்டு போறதுக்குள்ள வெல்டர் உன்னை சபிப்பான்.

ட்ரை-ஒய் ஹெடர் யாராச்சும் விக்கறான்னா, அதாவது நாலு குழாய் ரெண்டாகி அப்புறம் ஒண்ணாகறது, ஒரு விஷயம் கேளு: எந்த சிலிண்டரை எதோட ஜோடி சேத்திருக்கன்னு. எல்எஸ் ஃபயரிங் ஆர்டர் 1-8-7-2-6-5-4-3. பழைய ஸ்மால் பிளாக் 1-8-4-3-6-5-7-2. டிரைவர் பக்கம் 1, 3, 5, 7. எல்எஸ்-ல அந்த பக்கம் மட்டும் பாத்தா 1, அப்புறம் 180 டிகிரி கழிச்சு 7, அப்புறம் 270 கழிச்சு 5, அப்புறம் 180 கழிச்சு 3, அப்புறம் வெறும் 90 டிகிரில மறுபடி 1. அதாவது 3-ம் 1-ம் ஒண்ணு மேல ஒண்ணு புகைய தள்ளும். இது ரெண்டையும் ஒரே ஜோடியா சேத்தா ஒருத்தன் வெளிய விடற புகை இன்னொருத்தனுக்கு தடை. சரியான ஜோடி 1-ம் 5-ம், 3-ம் 7-ம், பயணி பக்கம் 2-ம் 4-ம், 6-ம் 8-ம். பழைய ஆர்டர்ல இந்த 90 டிகிரி சிக்கல் 5-க்கும் 7-க்கும், 8-க்கும் 4-க்கும் வரும். பழைய ஜோடி கணக்க அப்படியே வெச்சு எல்எஸ் ஃபிளேஞ்ச் மட்டும் ஒட்டி குடுத்திருந்தா உனக்கு தெரியவே தெரியாது, அதான் கேக்க சொல்றேன். நாலு குழாயும் நேரா ஒண்ணுல சேர்ற சாதாரண ஹெடர்ல இந்த கவலை கம்மி. இந்த 90 டிகிரி கோளாறுனாலதான் வி8 இன்ஜினுக்கு அந்த குடுகுடு சத்தமே, அதனாலதான் ரெண்டு பக்க பைப்புக்கும் நடுவுல எச் பைப்போ எக்ஸ் பைப்போ போட்டு அழுத்தத்த சமன் பண்றோம். எச் போட்டா சத்தம் கொஞ்சம் பழைய காலத்து மாதிரி ஆழமா இருக்கும், எக்ஸ் போட்டா மெல்லிசா கிறீச்சுன்னு இருக்கும். 70 ஷெவெல்லுக்கு எச் போடு, என் காதுக்கு அதுதான் சரியா படுது.

இப்ப கார் கீழ படு. உண்மையான வேலை அங்கதான். ஹெடர் வந்ததும் கேஸ்கெட் இல்லாம ரெண்டு போல்ட்ல தொங்க விட்டு பாரு. டிரைவர் பக்கம் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல எவ்ளோ இடம்? அரை இன்ச்சுக்கு குறையாம இருக்கணும். ஏன் அவ்ளோன்னா, ஆக்ஸிலரேட்டர மிதிச்சா டார்க்ல இன்ஜின் டிரைவர் பக்கம் மேல எழும்பும், ரப்பர் மவுன்ட்ல அது நல்லாவே எழும்பும், நின்னுட்டு இருக்கறப்ப கால் இன்ச் இருந்தது மிதிக்கறப்ப ஷாஃப்ட்ல தேயும், ஸ்டீயரிங் பிடிக்கற மாதிரி உணர்வு வரும், அது வெளையாட்டு இல்ல. குழந்தைங்க வெச்சு வெளையாடற களிமண்ண உருண்டை புடிச்சு சந்தேகப்படற இடத்துல எல்லாம் ஒட்டு, ஸ்டீயரிங்க கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் திருப்பு, ஜாக்க மரக்கட்டை வெச்சு இன்ஜினை கொஞ்சம் தூக்கி இறக்கு, அப்புறம் களிமண் எவ்ளோ நசுங்கியிருக்குன்னு பாரு. ஸ்டீயரிங் பாக்ஸ் கிட்ட இருக்கற ரப்பர் கப்ளிங்க எடுத்துட்டு குட்டியான யு-ஜாயின்ட் ஷாஃப்ட் போட்டா நிறைய இடம் கிடைக்கும், பாதி பேரு ஹெடர சுத்தியலால அடிச்சு பள்ளம் பண்றதுக்கு பதிலா இத பண்ணிருக்கலாம்.

பயணி பக்கம் ஸ்டார்ட்டர். எல்எஸ்-ல ஸ்டார்ட்டர் அந்த பக்கம்தான், அதுக்கு பக்கத்துலயே பிளாக்ல கிராங்க் சென்சார். ஹெடர் குழாய் இதுக்கு பக்கத்துல போச்சுன்னா கார் சூடா இருக்கறப்ப ஸ்டார்ட் ஆகாது, ஆறினதும் ஆகும், எல்லாரும் பேட்டரிய மாத்துவான், ஸ்டார்ட்டரை மாத்துவான், கடைசில பாத்தா கிராங்க் சென்சார் வயர் உருகியிருக்கும். வயர கிளிப் பண்ணி தள்ளி வெச்சு, ஸ்டார்ட்டருக்கு தகடு ஹீட் ஷீல்டு ஒண்ணு போட்டுடு, கஷ்டமே இல்ல. டிப்ஸ்டிக் ட்யூபும் அந்த பக்கம்தான், இன்ஜினோடதும் கியர்பாக்ஸோடதும், ஸ்டாக் ட்யூப் சில ஹெடரோட ஒத்து வராது. ட்ரக் ஏசி கம்ப்ரஸர் பயணி பக்கம் கீழ தொங்கும், அது ஃப்ரேம்ல இடிக்கறது தனி தலைவலி, அதுக்கு மேல தூக்கி வெக்கற பிராக்கெட் போட்டா முன் குழாய்க்கு பக்கத்துல வருதான்னு பாரு. உனக்கு ஆட்டோமேட்டிக் கியர்ங்கறதால கிளட்ச் லிங்கேஜ் தொல்லை இல்ல, ஷிஃப்டர் லிங்கேஜ் மட்டும் கலெக்டர் பக்கம் உரசாம இருந்தா சரி. பிரேக் லைன், ஃப்யூல் லைன் ரெண்டும் ஃப்ரேமோட ஒட்டி போகும், ஃப்யூல் இப்ப 58 பிஎஸ்ஐ அழுத்தத்துல ஓடறது, பழைய கார்புரேட்டர் காலம் மாதிரி இல்ல, அத ஹெடர்ல இருந்து தள்ளி வை.

கீழ எவ்ளோ தொங்குதுன்னு பாக்கறப்ப கலெக்டர் மட்டும் பாக்காத, கலெக்டர் ஃபிளேஞ்ச் போல்ட்ட பாரு, அதுதான் கடைசி புள்ளி. மூணு போல்ட் ஃபிளேஞ்ச் விட வி-பேண்டோ பால் ஜாயின்ட்டோ இருக்கற ஹெடர் எடு, கழட்டி மாட்ட சுலபம், லீக்கும் கம்மி.

மெட்டீரியல். 304 ஸ்டெயின்லெஸ், 409 ஸ்டெயின்லெஸ், மைல்டு ஸ்டீல்ல செராமிக் கோட்டிங், மைல்டு ஸ்டீல்ல வெறும் பெயின்ட், இவ்ளோதான். பெயின்ட் போட்டது முதல் வாரத்துலயே உரிஞ்சிடும், அத வாங்காத. 304 துருப்பிடிக்காது ஆனா சூட்டுல மைல்டு ஸ்டீல விட அதிகமா விரியும், அதனால மெல்லிசான குழாயும் மெல்லிசான ஃபிளேஞ்ச்சும் இருந்தா வெல்டுல விரிசல் விடும், ஃபிளேஞ்ச் வளையும். சீப் செட்டுல எனக்கு பயம் அங்கதான், ஸ்டெயின்லெஸ்னு போட்டிருப்பான், ஃபிளேஞ்ச் கால் இன்ச் கூட இருக்காது. 3/8 இன்ச் ஃபிளேஞ்ச், 16 கேஜ் குழாய், இது ரெண்டும் இருந்தா பேர பத்தி கவலைப்படாத. கலிஃபோர்னியால உப்பு போட்ட பனி ரோடு கிடையாது, உனக்கு செராமிக் கோட்டிங் போட்ட மைல்டு ஸ்டீலே பத்து வருஷத்துக்கு மேல ஓடும், இன்ஜின் ரூம்ல சூடும் கம்மி. ஆனா முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ட்யூன் சரியா இருக்கணும், டைமிங் ரிட்டார்டா, பெட்ரோல் குறைவா அரை மணி நேரம் ஐடில்ல ஓட விட்டா கோட்டிங் வெந்து சாம்பல் கலர் ஆயிடும், வாரன்டியும் குடுக்க மாட்டான். துணி மாதிரி சுத்தற ஹெடர் ராப் மைல்டு ஸ்டீல்ல சுத்தாத, ஈரம் உள்ள தங்கி குழாய் உள்ளயே அரிக்கும்.

சீப் செட்டு வாங்கியே ஆகணும்னா, கையில வாங்கினதும் மூணு விஷயம் பாரு. ஒரு நேரான ஸ்கேல ஃபிளேஞ்ச் மேல வெச்சு ஃபீலர் கேஜ் விட்டு பாரு, நாலு போர்ட்டும் ஒரே தளத்துல இருக்கான்னு. விரலை போர்ட்டுக்குள்ள விட்டு தடவு, வெல்டு உள்ள பிதுங்கி நின்னா அத கிரைண்டர்ல ராவிடு, அந்த பிதுக்கம் போர்ட்டையே மறைக்கும். கடைசியா ஒவ்வொரு ஃபிளேஞ்ச்லயும் இருக்கற ஆறு போல்ட் ஓட்டையும் ஹெட்ல ஒத்து வருதான்னு கையால போல்ட் திருகி பாரு.

போல்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, உன் இன்ஜின் ட்ரக்ல இருந்து வந்தது, ஹெட்ல பின்னாடி கடைசி போல்ட் உடைஞ்சிருக்கான்னு முதல்ல பாத்தியா? இந்த ட்ரக் இன்ஜின்ல அது ரொம்ப சகஜம், காஸ்ட் அயர்ன் மேனிஃபோல்டும் அலுமினிய ஹெட்டும் சூட்டுல வேற வேற அளவு விரிஞ்சு சுருங்கி, ஓரத்துல இருக்கற போல்ட் தலை உடைஞ்சு விழுந்துடும். இன்ஜின் காருக்குள்ள இறங்கினதுக்கு அப்புறம் அத எடுக்கறது ஃபயர்வாலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல தலைய விட்டு பண்ற வேலை. உடைஞ்சது கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருந்தா வைஸ் கிரிப். ஹெட் மட்டத்துக்கோ உள்ளயோ இருந்தா ஈஸி அவுட்ட (உடைஞ்ச போல்ட்ட திருகி எடுக்கற டூல்) உள்ள விடாத, அது உள்ள உடைஞ்சா ட்ரில்லும் இறங்காது. மிக் வெல்டர்ல உடைஞ்ச போல்ட் மேல பொட்டு பொட்டா மெட்டல் ஏத்து, அலுமினியத்துல ஸ்டீல் வயர் ஒட்டாது, அதனால ஹெட்டுக்கு பயம் இல்ல. மேடு வந்ததும் ஒரு வாஷர் வெச்சு வெல்டு, அதுக்கு மேல ஒரு நட்டு வெச்சு நட்டுக்குள்ள வெல்டு, செவப்பு போற வரைக்கும் விட்டு, ஸ்பேனர் போட்டு முன்ன பின்ன மெதுவா ஆட்டு. வெல்டு சூடே பாதி வேலை பண்ணிருக்கும், பெரும்பாலும் வந்துடும். வரலன்னா நட்டு மறுபடி மறுபடி வெல்டு பண்ண வேண்டியதுதான், அவசரப்பட்டு ட்ரில் எடுக்காத.

மாட்டறப்ப பேப்பர் கேஸ்கெட் தூக்கி போட்டுட்டு ஜிஎம்-ஓட பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போடு. போல்ட் எம்8, 1.25 பிட்ச். எல்லா போல்ட்டையும் கையால ஆரம்பிச்சு விட்டுட்டு, அப்புறம்தான் ஸ்பேனர். நடுவுல இருந்து வெளிப்பக்கமா, முதல் சுத்து 11 ஃபுட் பவுண்டு, ரெண்டாவது சுத்து 18, அவ்ளோதான், அலுமினிய ஹெட் அது, பலம் காட்டாத. ரெண்டு மூணு தடவ சூடாகி ஆறினதுக்கு அப்புறம் மறுபடி ஒரு தடவ பாத்துடு. ஸ்பார்க் பிளக் பூட் குழாய்க்கு பக்கத்துல வந்தா செராமிக் பூட் வயர் போடு, இல்ல கோண பூட் போடு.

ஆக்சிஜன் சென்சார். ட்ரக் கம்ப்யூட்டர் வெச்சு ஓட்டறேன்னா ரெண்டு பக்கமும் முன் சென்சார் வேணும், அதனால ரெண்டு கலெக்டர்லயும் எம்18 பங் (சென்சார திருகற வளையம்) இருக்கற ஹெடர் எடு. லாங் ட்யூப்ல சென்சார் பின்னாடி தள்ளி போயிடும், வயர் எட்டாது, நீட்டு வயர் வாங்கிக்கோ, சென்சார் ஹீட்டர் உள்ளதுங்கறதால தூரத்துல இருந்தாலும் வேலை செய்யும். பங் குழாய்க்கு அடில இருக்கக் கூடாது, பக்கவாட்டுக்கு கொஞ்சம் மேல, சென்சார் முனை கீழ் நோக்கி சாயற மாதிரி, இல்லன்னா காலைல குழாய்ல சேர்ற தண்ணி சென்சார்ல போய் நிக்கும், ஹீட்டர் ஆன் ஆனதும் உள்ள இருக்கற செராமிக் விரிசல் விட்டுடும். ஹெடர் போட்டதுக்கு அப்புறம் இன்ஜின் சும்மா பெட்ரோல் ஊத்துதுன்னா ட்யூனரை திட்டறதுக்கு முன்னாடி ஃபிளேஞ்ச்ல லீக் பாரு. சென்சாருக்கு முன்னாடி ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் அலைக்கு நடுல வெளிக்காத்து உள்ள இழுத்துக்கும், சென்சார் அதுல ஆக்சிஜன பாத்துட்டு பெட்ரோல் கம்மியா இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லும், கம்ப்யூட்டர் இன்னும் ஊத்தும். இன்ஜின் ஆறிக் கெடக்கறப்ப ஷாப் வேக்வம் கிளீனர ஊதற பக்கம் மாத்தி டெயில் பைப்ல வெச்சு, சோப்பு தண்ணிய ஃபிளேஞ்ச்ல தெளிச்சு பாரு, குமிழ் வர்ற இடம்தான் லீக்.

கலிஃபோர்னியா சட்டத்த பொறுத்த வரைக்கும் நீ கொடுத்து வெச்சவன், 1975-ம் அதுக்கு முந்தின பெட்ரோல் காருக்கு ஸ்மாக் டெஸ்ட், அதாவது புகை சோதனை, கிடையாது. சத்தத்துக்கு மட்டும் 95 டெசிபெல் வரம்பு இருக்கு, அதனால மஃப்ளர் இல்லாம சுத்தற ஆசை வேணாம், ராத்திரி பத்து மணிக்கு உன் தெருக்காரங்களும் மனுஷங்கதான்.

ஆக, கேம் மாத்தற ஐடியா இல்லன்னா 68-72 ஏ-பாடிக்குன்னு போட்டிருக்கற 1-3/4 மிட்-லெங்த், செராமிக் கோட்டிங், 3/8 ஃபிளேஞ்ச். கேம் மாத்தப்போறன்னா அதே சைஸ்ல லாங் ட்யூப், உன் மவுன்ட் பிளேட்டோட ஒத்து வரும்னு ஹெடர் கம்பெனிக்காரன் எழுத்துல சொன்னா மட்டும். வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஃபோன் போட்டு "என் இன்ஜின் ஸ்டாக் இடத்துல இருந்து எவ்ளோ தள்ளி இருந்தா உங்க ஹெடர் பொருந்தும்"னு கேளு, நம்பர் சொல்ல தெரியாதவன்கிட்ட வாங்காத.

இப்போதைக்கு எனக்கு மூணு விஷயம் அனுப்பு: மவுன்ட் பிளேட் எந்த கம்பெனி, எந்த செட்டிங்ல போல்ட் பண்ணிருக்க, ஃப்ரேம் ஸ்டாண்டு ரெண்டு பக்கமும் ஃபோட்டோ, ஹெட்டோட பின் ஓரத்துக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவுல எவ்ளோ இன்ச். ஆயில் பேன் இன்னும் ட்ரக்கோடதுதான்னா அத மாத்திட்டு அளந்து அனுப்பு, இப்ப அளக்கறது வேஸ்ட்.